சூடேறியதும் நின்றுவிடும் 1951 பிஎஸ்ஏ பேன்டம் டி1: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நான் பர்மிங்காமில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு வாங்கிய என் பேன்டம் மோட்டார் சைக்கிள் (123 சிசி, பொறிக்கு மின்சாரம் உண்டாக்குவது விப்பாக் மேக்னெட்டோ) காலையில் இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிடுகிறது. ஆனால் இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும், மேட்டில் ஏறும்போது இரண்டு மூன்று முறை திக்கிவிட்டு நின்றுபோகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால்தான் மறுபடி கிளம்புகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிளக்கையும் மாற்றிவிட்டேன். இதே ஊரின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் பூட்டிய வண்டியை இதே ஊர்ச் சாலையில் தள்ளிக்கொண்டு வருவது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி 1:
ஐயா, வண்டி நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காமல் இப்படித்தான் நின்றுபோகும். மூடியைத் திறந்ததும் கிளம்பினால் கோளாறு அதுவே.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா, மூடியில் குறையில்லை. ஆனால் சூட்டோடு பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தலையில் வைத்து உதைத்தபோது நெருப்புப்பொறி மெலிந்து மஞ்சளாக வந்தது. ஆறியபின் அதே பிளக்கில் பளிச்சென்ற நீலப்பொறி.

மறுமொழி 2:
அப்படியானால் எனக்குச் சந்தேகமே கண்டென்சர் மீதுதான். பாயிண்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) திறக்கும் நொடியில் மின்சாரம் அங்கே பொறியாகத் தாவாமல் தடுத்து, காயிலின் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருளின்) காந்தப்புலம் சட்டென அடங்க உதவுவது அதுதான். பழைய கண்டென்சரின் உள்காப்பு சூட்டில் தளர்ந்து மின்சாரம் கசிந்தால் பிளக்குக்குப் போக வேண்டிய வலு குறைந்துவிடும். இந்த வண்டியில் அது எஞ்சினை ஒட்டியே இருப்பதால் சூடும் முழுதாக அதன்மேல் இறங்குகிறது. பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் ஐயம் உறுதியாகும். புதிய கண்டென்சரை வெளியே, காற்றுப்படும் இடத்தில் பொருத்துங்கள். பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்யுங்கள். அதற்குப் பின்னும் நின்றால் மேக்னெட்டோ காயிலைச் சூடாக்கிச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
ஐயா, பாயிண்டின் ஒரு முகத்தில் கடுகளவு குழியும் மறுமுகத்தில் அதற்கு ஈடான மேடும் இருந்தன. பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றி, இன்று லிக்கி குன்றுவரை நாற்பது நிமிடம் ஓட்டினேன், ஓரிடத்திலும் திக்கவில்லை. வீடு திரும்பியதும் சூட்டோடு எடுத்துப் பார்த்தபோதும் பொறி நீலமாகவே இருந்தது. மிக்க நன்றி.