அரிசோனாவுக்குப் புதிதா? இருமலோடு டாக்டரிடம் போனால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்

ஃபீனிக்ஸ், சாண்ட்லர், டூசான் பக்கம் வருகிறவர்கள் வாடகை, கார், பள்ளிக்கூடம் என்று எல்லாம் விசாரிக்கிறீர்கள். வேலி ஃபீவரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. முள்வேலி இல்லை, பள்ளத்தாக்குக் காய்ச்சல். காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை இந்தப் பாலைவன மண்ணிலேயே குடியிருக்கிறது. மழையில் வளரும், மண் காய்ந்ததும் நுண்ணிய துகள்களாக உடைந்து தூசியோடு பறக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும்.

நாங்கள் வந்த முதல் வருடம், பின்பக்கம் புது வீடுகளுக்காக நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பால்கனிக் கம்பியைத் தொட்டால் சந்தனம் மாதிரி விரலில் மண் ஒட்டும். கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல், வறட்டு இருமல். மாடி ஏறினால் பாதியில் உட்கார வேண்டும், அப்படி ஓர் அசதி. நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் தந்தார்கள். தீர்ந்ததும் இன்னொரு கோர்ஸ். பூஞ்சையை அது என்ன செய்யும்? "வேலி ஃபீவருக்கு ரத்தம் எடுத்தார்களா?" என்று கேட்டது, இங்கேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அம்மாதான்.

அதனால் இருமலும் அசதியும் ஒரு வாரம் தாண்டினால் நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பத்தில் நெகட்டிவ் வரலாம். சரியாகாவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். லீவில் ஊருக்குப் போன இடத்தில் இருமல் வந்தால், அரிசோனாவில் இருந்ததை அங்குள்ள டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தால் காசநோய் என்றே தோன்றக்கூடும்.

பயமுறுத்தவில்லை. தொற்றியவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அறிகுறியே இருக்காது. மற்றவர்களிலும் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும்; சிலருக்குத்தான் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சைக்கான மருந்து மாதக்கணக்கில் ஓடும். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கவனம். பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அப்பா அம்மாவையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மான்சூன். ஹபூப் என்ற புழுதிச் சுவர் எழும்பினால் வீட்டுக்குள் வந்து ஜன்னலைச் சாத்துங்கள். காரில் என்றால் வெளிக்காற்று வராதபடி ஏசியை மாற்றி, சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். தோட்டத்தில் கொத்தும்போது மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள்.

அப்புறம், நாய் வளர்க்கிறவர்களுக்கு: மண்ணை மோந்து மோந்து அதற்கும் வரும். சாப்பிடாமல் இருமிக்கொண்டு படுத்திருந்தால் கால்நடை மருத்துவரிடமும் இதே பெயரைச் சொல்லுங்கள்.