பிஸென் குவளை: குடிக்கவா, அலமாரியில் வைக்கவா?

மண்வாசம்:
போன மாதம் ஜப்பானில் ஒகயாமா பக்கம் இம்பே ஊருக்குப் போனபோது, அந்தப் பக்கத்துப் பிஸென் மட்பாண்ட வகையில் ஒரு குவளை வாங்கினேன். கிளேஸ் (கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு) பூசாத பழுப்பு மண், மேலே சிவப்புக் கோடுகள். சூளையில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க வைக்கோல் சுற்றி அடுக்குவார்களாம், அந்த வைக்கோல் எரிந்த தடம்தான் கோடு, ஹிதாசுகி என்கிறார்கள். தினமும் காலையில் அதில்தான் டீ. வீட்டுக்கு வந்த நண்பர் பதறிப்போய், இதைக் கண்ணாடி அலமாரியில் வை என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. புழங்கத்தானே செய்தார்கள்?

சேகரிப்பவன்:
தம்பி, நான் உங்கள் நண்பர் பக்கம். சிவப்புப் பைன் விறகு போட்டு பத்து நாளுக்கு மேல், சில சூளைகளில் இரண்டு வாரம்கூட, இரவும் பகலும் எரிக்கிறார்கள். சூடு 1200 டிகிரியைத் தாண்டும். சாம்பல் எங்கே விழுந்தது, தீ எந்தப் பக்கம் தொட்டது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் வேறு, போனால் அதே குவளை திரும்ப வராது. அரிதா, செட்டோ என்ற ஊர்களின் பீங்கான் மலிவாகப் பரவிய பிறகு பிஸென் நொடித்துப் போயிருந்தது. கானெஷிகே தோயோ என்ற குயவர் பழைய மோமோயாமா காலத்துப் (பதினாறாம் நூற்றாண்டின் கடைசி) பாணியைத் தேடிப்பிடித்து மீட்டார், 1956இல் அரசு அவரை வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிப் பத்திரமாக வைத்தவர்கள் இல்லையென்றால் அந்தச் சூளை அணைந்திருக்கும்.

மண்வாசம்:
சார், தேநீர்ச் சடங்குக்காரர்கள் கண்ணில் படுவதற்கு முன் அது என்னவாக இருந்தது? விதை ஜாடி, தண்ணீர்த் தொட்டி, அப்புறம் எள்ளும் மிசோ என்கிற சோயா விழுதும் அரைக்கிற சுரிபாச்சி, அதுதான் உள்பக்கம் சீப்பால் இழுத்த மாதிரி வரிவரியாக இருக்குமே, அந்தச் சட்டி. ‘பிஸென் சுரிபாச்சி, எறிந்தாலும் உடையாது’ என்று ஜப்பானில் பழைய சொல்லே இருக்கிறது. அலமாரிப் பொருளுக்கு இப்படி ஒரு பெயர் வருமா? ஷிகராகி என்ற இன்னொரு மட்பாண்ட ஊரில் உசுகுமரு என்று ஒரு சின்ன ஜாடி, குந்தி உட்கார்ந்த மாதிரி இருக்கும். குடியானவர் விதை போட்டு வைத்ததை எடுத்துத் தேநீர் அறையில் பூ வைத்தார்கள், அதுவும் புழக்கம்தான். கியூஷு தீவில் ஓன்டா என்ற குயவர் கிராமத்தைப் பாருங்கள், 1705இலிருந்து வேலை நடக்கிறது. ஓடைத் தண்ணீர் நிரம்பிச் சாயும்போது மர உலக்கை எழுந்து மண்ணை இடிக்கிறது. தட்டு, கிண்ணம், ஜாடி எதிலும் செய்தவர் பெயர் இருக்காது, ஊர்ப்பெயர்தான்.

சேகரிப்பவன்:
ஓன்டாவையும் வெளியாட்கள்தான் தூக்கிவிட்டார்கள். நாட்டார் கைவினைக்காகப் பேசிய யனாகி சோஎட்சு 1931இல் அங்கே போய் எழுதினார், பிறகுதான் நகரத்துக்காரர்கள் கவனித்தார்கள். அவரே 1936இல் டோக்கியோவில் நாட்டார் கைவினைக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்தார். கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது அவ்வளவு தப்பா?

நகோயாவாசி:
இரண்டு பேரும் குவளையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு வருஷமும் உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழ ஊறுகாய்) போடுவது ஜாடியில்தான். நம் ஊறுகாய் ஜாடி மாதிரி இதுவும் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய மண், உப்பும் புளிப்பும் அரிக்காது. பிளாஸ்டிக் டப்பா வாங்கித் தருகிறேன் என்றாலும் பாட்டி கேட்கமாட்டார். மண்வாசம், கிளேஸ் இல்லாததைப் புழங்கும் முன் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய், சோயா சாஸ் கறை இறங்கிவிடும். கழுவியதும் நன்றாகக் காயவேண்டும். சேகரிப்பவன் சார், ஈரம் போகாமல் அலமாரியில் அடைத்தால் பூஞ்சை வரும், உடைவதைவிட எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

சேகரிப்பவன்:
பூஞ்சை விஷயம் சரிதான் அம்மா, ஒரு சாக்கே (அரிசி மது) ஜாடியை அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். ஆனாலும் திரும்பக் கிடைக்காத பொருளைச் சிங்க்கில் போட எனக்குக் கை வராது.

மண்வாசம்:
உடைந்தால் எனக்கும் வருத்தம்தான் சார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை நாள் கைபட்டதில் குவளையின் வெளிப்பக்கம் வழவழப்பாகிக்கொண்டே வருகிறது, வாங்கிய அன்று சொரசொரப்பாக இருந்தது. அலமாரியில் இருந்தால் அது நடந்திருக்காது. நகோயா அக்கா, அடுத்த முறை சுரிபாச்சி வாங்கலாம் என்றிருக்கிறேன். வரிக்குள் எள் மாட்டிக்கொண்டால் பாட்டி எதை வைத்துத் தேய்க்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்களேன்.