ஹட்டனில் செய்த மேசை பண்டாரவளையில் வெடித்தது ஏன்?

கேள்வி (ஹட்டன்):
தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்தே ஓய்வு நேரங்களில் லயத்து வாசலில் அமர்ந்து மரவேலை செய்து வருகிறேன். 30 ஆண்டுகள் கடந்துவிட்டன. கடந்த ஜூன் மாதத்தில், தேயிலைக்கு நிழலாக நின்று காற்றில் சாய்ந்த சவுக்கு மரத்தின் (கிரவிலியா) பலகைகளை 8 மாதங்கள் காயவைத்து, 30 அங்குல அகலமான சாப்பாட்டு மேசையொன்றைச் செய்து பண்டாரவளையில் வாழும் மகளுக்குக் கொடுத்தேன். ஆகஸ்டில் மேற்பலகை நடுவே நீளவாக்கில் வெடித்துவிட்டது. சட்டத்தோடு வெள்ளைப் பசையிட்டு, திருகாணிகளாலும் இறுக்கியிருந்தேன். என் பிழை எது? மேசையை மீட்க முடியுமா?

பதில் 1 (பண்டாரவளை):
ஐயா, மேசை ஊர் மாறியதே முதற்காரணம் என்று நினைக்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கத்துச் சரிவுகளை நனைக்கிறது. அம்மழையை மத்திய மலைகள் மறித்துவிடுவதால், அதே மாதங்களில் பண்டாரவளை அடங்கிய ஊவா மாகாணத்தில் எங்களுக்கு வறண்ட காற்றே வீசுகிறது. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் சுருங்கும். 30 அங்குலப் பலகை கால் அங்குலம் சுருங்கினாலும் வியப்பில்லை. நீங்கள் இறுக்கிவிட்ட பலகைக்கு அவ்வாறு சுருங்க இடமில்லாததால் அது வெடித்திருக்கிறது. எங்கள் வீட்டு அலுமாரியின் லாச்சிகள் டிசெம்பர் மழையில் இறுகி, ஆகஸ்டில் இலகுவாக வருவதும் இதனாலேயே.

பதில் 2 (தலவாக்கலை):
அவர் சொல்வது சரி. ஆனால் 8 மாதங்களும் போதாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு, நம் பனிக்கும் தூறலுக்கும் அதற்கு மேலும் ஆகலாம். வெடிப்பைப் பட்டி வைத்து அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை விரியும்போது அந்தப் பட்டியே அதை நெருக்கும். வெடிப்பின் வழியே வாளால் அறுத்து, ஓரங்களை இழைத்து மீண்டும் ஒட்டுங்கள். பிறகு சட்டத்தின் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீட்டி, பசையில்லாமல் திருகாணிகளால் மட்டும் பொருத்தினால் பலகை தன் விருப்பப்படி அசையும். சவுக்குத் தூள் சிலருக்குத் தோலரிப்பை உண்டாக்குவதால், நீளக் கைச்சட்டை அணிந்து இழையுங்கள். அந்த மரத்தில் மின்னும் வெள்ளித் திட்டுகளுக்காகவேனும் அதை விறகாக்கிவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒட்டியிருக்கும் மேற்பலகையை எப்படிக் கழற்றுவது?

பதில் 2:
வெள்ளைப் பசை சூட்டில் இளகும். ஆவி பிடித்து, மெல்லிய தகட்டுக் கத்தியைச் சிறிது சிறிதாக நுழையுங்கள், ஐயா. அவசரப்பட்டு நெம்பினால் சட்டத்தின் கழுந்து (துளைக்குள் பொருந்தும் முனை) முறிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியே செய்கிறேன். மேசையை ஹட்டனுக்குத் திரும்பக் கொண்டுவராமல், இழைப்புளியோடு பண்டாரவளைக்கே சென்று, பலகை அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகிய பின்னரே ஒட்டுவேன்.