20 வயதில் கலக்கும் ரக்பி பையன்கள் 23 வயதில் எங்கே போகிறார்கள்?

பதினைந்தாம்_எண்:

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. இங்கே பயிற்சிப் பக்கம் இருப்பவர்களும் சிலர் இருப்பதால் கேட்டுவிடுகிறேன். 20 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப்பை விடாமல் பார்ப்பவன் நான். அதில் கண்ணில் படும் பையன்களின் பெயரைக் குறித்துவைத்து, அப்புறம் அவர்களுடைய கிளப் ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பேன். சிலர் ஒரே வருடத்தில் தேசிய அணிக்குப் போய்விடுகிறார்கள். பலர் பெஞ்சிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருநாள் பட்டியலிலேயே இல்லாமல் போகிறார்கள். திறமை ஒரே நாளில் ஆவியாகிவிடுமா என்ன?

இன்னொன்று. "நாங்கள் வளர்க்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள்" என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸின் துலூஸ் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-17 பருவத்தில் அந்த நாட்டின் முதல்நிலை லீக்கான டாப் 14-ல் 12-ஆம் இடம், 2019-ல் சாம்பியன். நடுவில் சொந்த அகாடமியில் வளர்ந்த ரொமேன் என்டமாக்கை 18 வயதிலேயே சீனியர் அணியில் இறக்கினார்கள். அது சரி. ஆனால் அந்துவான் டுபோன் 2017-ல் காஸ்டிர் கிளப்பிலிருந்து வந்தவர், செஸ்லின் கோல்பே அதே வருடம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். அப்போது இதை வளர்த்தது என்பதா, வாங்கியது என்பதா?

நேரடியாகக் கேட்கிறேன்: ஒரு தொழில்முறை அணி கையில் அளவான பணத்தோடு இளைஞர்களுக்காகச் செலவு செய்ய நினைத்தால், ஆள் தேடுவதில் போட வேண்டுமா, கிடைத்த ஆளை வளர்ப்பதில் போட வேண்டுமா?

---

ரக்_ஓரம்:

16, 17 வயதுப் பையன்களுக்குப் பல வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். வளர்ப்பதில் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 16 வயதில் நடக்கும் தேர்வில் பெரும்பாலும் நாம் திறமையைத் தேர்ந்தெடுப்பதில்லை, சீக்கிரம் வளர்ந்த உடம்பைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மற்றவர்களைவிட 15 கிலோ கூடுதலாக இருக்கும் பையன் பந்தைக் கொடுத்தால் நாலு பேரை இடித்துத் தள்ளிவிட்டு, எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி டிரை போட்டுவிடுவான், வாராவாரம் இதுவே நடக்கும், பயிற்சியாளருக்கும் ஜெயிக்க வேண்டும் என்பதால் அவனிடமே பந்து போகும். அவனுக்குப் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொள்ளும் அவசியமே வருவதில்லை. காலை மாற்றி வைத்து ஆளை ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. 19 வயதில் மற்றவர்கள் உடம்பில் அவனை எட்டிப் பிடித்ததும் அவன் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட "காணாமல் போகிறவர்கள்" பலரின் கதை இதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்து ஆட்டக்காரர் டாமி ஃப்ரீமேனை லெஸ்டர் டைகர்ஸ் கிளப்பின் அகாடமி சின்ன வயதில் வேண்டாம் என்று விட்டுவிட்டது, உடம்பு போதாது என்பதுதான் காரணம். நார்தாம்ப்டன் எடுத்துக்கொண்டது. 2024-ல் அந்த அணி இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப்பை வென்றபோது அவர் அதில் முக்கியமான ஆள், 2025-ல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியோடு ஆஸ்திரேலியா போனார். கோல்பேயின் உயரம் 1.71 மீட்டர்தான், தென்னாப்பிரிக்க அணியில் இடம் கிடைத்ததே 2018-ல், துலூஸ் போய்ச் சேர்ந்த பிறகு. நியூசிலாந்தில் சில இடங்களில் சிறுவர் ஆட்டங்களை வயதோடு எடையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். பெரிய உடம்புக்காரன் தன்னளவு உடம்புக்காரனோடு மோதும்போதுதான் அவனுக்கு மூளையைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

நான் ஒரு பையனை எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். பந்தோடு ஓடி டேக்கிள் வாங்கி விழுகிறான். பந்து அடுத்த கைக்குப் போனதும் எல்லார் பார்வையும் பந்தோடு போய்விடும். நான் விழுந்தவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை நொடியில் எழுகிறான்? எழும்போது தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, பந்து போன பக்கமா, எதிரணித் தடுப்பு வரிசைப் பக்கமா? நல்லவன் முழங்காலில் இருக்கும்போதே எதிர்வரிசையில் எங்கே ஆள் குறைகிறது என்று பார்த்துவிடுவான், திரும்பி ஓடும்போதே பக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டு வருவான். அப்புறம் ஒரு பந்தைத் தவறவிட்டால் அடுத்த பந்தைக் கேட்கிறானா, கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறானா என்று பார்ப்பேன். இவை ஓட்டப் பரிசோதனையிலும் எடை தூக்கும் அட்டவணையிலும் தெரியாது.

---

லைன்அவுட்_பிரியை:

ரக்_ஓரம் அண்ணா சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம், ஆனால் தேடுவதை அவ்வளவு லேசாக விட்டுவிட முடியாது. உயரமானவர்கள் ஆடும் லாக் இடத்துக்கு வேண்டிய உயரத்தை எந்தப் பயிற்சியாளரும் கொடுக்க முடியாது. சில இடங்களுக்கு உடம்புதான் முதல் நுழைவுச்சீட்டு.

எல்லோரும் அயர்லாந்தின் லென்ஸ்டர் அணியைக் காட்டி "பார், எப்படி வளர்க்கிறார்கள்" என்பார்கள். அங்கே பாதி வேலையைப் பள்ளிகளே முடித்துக் கொடுத்துவிடுகின்றன. டப்ளினில் பிளாக்ராக் கல்லூரி, செயின்ட் மைக்கேல்ஸ் மாதிரிப் பள்ளிகளில் கிட்டத்தட்ட கிளப் தரத்துக்குப் பயிற்சி நடக்கிறது. கேரி ரிங்ரோஸ் பிளாக்ராக், ஜேம்ஸ் ரயன் செயின்ட் மைக்கேல்ஸ். ரயன் 2017 ஜூனில் லென்ஸ்டர் சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமலே அயர்லாந்துக்காக அமெரிக்காவுக்கு எதிராக இறங்கி டிரையும் போட்டார். அவ்வளவு தயாராக வந்த பையன். எந்தப் பெற்றோரின் பணத்தில் அந்தப் பயிற்சி நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதே அணியின் டாக் ஃபர்லாங் வெக்ஸ்ஃபர்ட் பக்கம் நியூ ராஸ் கிளப்பிலிருந்து வந்தவர், ஷான் ஓ'பிரையன் டல்லோவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிகளை மட்டுமே நம்பி உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டு பேரும் கிடைத்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு அந்த மைதானங்களுக்குப் போய் நின்றதால்தான் கிடைத்தார்கள். அதனால் தேடுவதற்கும் பணம் வேண்டும். யாரும் போகாத இடங்களுக்குப் போகத்தான் அது வேண்டும்.

பெஞ்ச் விஷயம் தனி. 19 முதல் 22 வரை ஒரு பையன் வாரம் முழுக்கச் சீனியர்களோடு பயிற்சி செய்துவிட்டு சனிக்கிழமை ஆட்டமே இல்லாமல் இருந்தால் அவன் உடம்பு மட்டும்தான் வளரும், ஆட்டம் வளராது. ஹ்யூகோ கீனன் லென்ஸ்டரில் முதலிலேயே ஜொலித்தவர் இல்லை. அயர்லாந்தின் செவன்ஸ் அணிக்குப் போய் உலகம் சுற்றி ஆடினார். செவன்ஸில் ஏழு பேர் அதே முழு மைதானத்தைக் காக்க வேண்டும், ஒளிய இடமே கிடையாது, தனியாளாக டேக்கிள் பண்ணவும் உயரப் பந்தைப் பிடிக்கவும் அங்கே தானாகவே வந்துவிடும். 2020-ல் அயர்லாந்துக்காக முதல் ஆட்டத்திலேயே இத்தாலிக்கு எதிராக இரண்டு டிரை. எங்கேயாவது ஆட விட வேண்டும், கீழ் டிவிஷன் கிளப்புக்குத் தற்காலிகமாக லோனில் அனுப்பினாலும் சரி, அதுதான் முக்கியம்.

---

மூன்றாவது_வரிசை:

பிரான்ஸ் பற்றிக் கேட்டீர்களே, அங்கே கிளப்புகள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை, விதி தள்ளியது. வெளிநாட்டு நட்சத்திரங்களை வாங்கிக் குவித்த காலம் ஒன்று இருந்தது. ஜிஃப் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள், பிரான்ஸின் பயிற்சி அமைப்புக்குள் இளவயதில் சில பருவங்கள் இருந்த ஆட்டக்காரர் என்று அர்த்தம். இப்போது ஆட்ட நாள் 23 பேரில் பருவம் முழுக்கச் சராசரியாக 16 பேர் அப்படி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிளப்புகள் பயிற்சி மையங்களில் பணத்தைக் கொட்ட ஆரம்பித்தன. 20 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப்பை பிரான்ஸ் 2018, 2019, 2023 மூன்று முறை அடுத்தடுத்து வென்றது, நடுவில் மூன்று வருடம் கோவிட் காரணமாகப் போட்டியே நடக்கவில்லை. 2018 அணியில் என்டமாக் இருந்தார்.

ஆனால் இந்த விதி கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, எங்கே பயிற்சி பெற்றான் என்பதை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் 17, 18 வயதில் ஃபிஜியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து அகாடமியில் சேர்த்தால் சில வருடத்தில் அவனும் கணக்கில் சேர்ந்துவிடுவான். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. மொழி தெரியாத ஊர், குளிர், வீட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர், முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டால் அடுத்து என்ன என்று சொல்ல யாருமில்லை. அலிவெரெட்டி ரக்கா மாதிரி கிளெர்மோன் கிளப் வழியாகப் போய் பிரான்ஸுக்கே ஆடியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். திரும்பிப் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. 2022-ல் ஃபிஜியின் சொந்தத் தொழில்முறை அணியான ஃபிஜியன் ட்ருவா சூப்பர் ரக்பி லீக்கில் சேர்ந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். சொந்த மண்ணில் இருந்தபடியே தொழில்முறைச் சம்பளம் வாங்கும் வழி அந்தப் பையன்களுக்கு இப்போது இருக்கிறது.

இங்கிலாந்தில் வேறு மாதிரி அடி. 2022-ல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் கிளப்புகளும், 2023-ல் லண்டன் ஐரிஷ் கிளப்பும் பணமில்லாமல் சரிந்தன. வூஸ்டர் வளர்த்த ஃபின் ஸ்மித் நார்தாம்ப்டனுக்கும் ஆலி லாரன்ஸ், டெட் ஹில் பாத் கிளப்புக்கும் போனார்கள். பெயர் வாங்கியவர்களுக்கு அடுத்த வாசல் உடனே திறந்தது. அந்த அகாடமிகளில் அப்போது 16 வயதில் இருந்த பையன்களை நினைத்துப் பாருங்கள்.

---

பதினைந்தாம்_எண்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. துணைக்கேள்வி ஒன்று. விங், ஃப்ளை-ஹாஃப் இடங்களில் ஆடுபவர்களை எல்லாம் 19 வயதில் சீனியர் அணியில் பார்க்கிறோம். முன்வரிசையில் நின்று தள்ளும் ப்ராப் மட்டும் ஏன் வருவதே இல்லை? 20 வயதில் எதிராளியை நசுக்கிய ப்ராப்புகள்கூட இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறார்கள்.

---

ரக்_ஓரம்:

இரு அணியிலும் எட்டு எட்டு பேர் குனிந்து கோர்த்துக்கொண்டு ஒருவரையொருவர் தள்ளும் ஸ்கிரம்தான் காரணம். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் ஸ்கிரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதி, பையன்களின் கழுத்தையும் முதுகெலும்பையும் காப்பாற்ற, மிகச் சரியான விதி. அதனால் முழுத் தள்ளல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிய வரும்போதே வயது தாண்டிவிடுகிறது. அதிலும் வலப்பக்கம் நிற்கும் டைட்ஹெட் ப்ராப்பின் பாடு தனி. அவனுடைய தலைக்கு இருபுறமும் எதிராளி, ஒரு தோளில் எதிரணியின் இடப்பக்க ப்ராப்பான லூஸ்ஹெட், மறு தோளில் அவர்கள் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹுக்கர். 30 வயது லூஸ்ஹெட் ஒருவன் நெஞ்சுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கினால் பையனின் இடுப்பு வெளியே சுழலும், முதுகு வளையும், பாதம் புல்லில் வழுக்கும், நடுவர் விசில் அடிப்பார். பெனால்டி. அடுத்த ஸ்கிரம்மில் லூஸ்ஹெட் அதையே வேறு கோணத்தில் செய்வான். இந்த வித்தைகளை வாங்கி வாங்கித்தான் கற்க முடியும், வீடியோ பார்த்து வராது. ஆண்ட்ரூ போர்ட்டரையே பாருங்கள். லூஸ்ஹெட்டாக வளர்ந்து, டைட்ஹெட்டாக மாற்றப்பட்டு, 2021-ல் மறுபடி லூஸ்ஹெட் ஆனார். அப்படி ஒருவரை வைத்து வருடக்கணக்கில் பொறுமையாக இருக்கும் கிளப்புகள் குறைவு.

அதனால் 20 வயது ப்ராப் பெஞ்சில் இருந்தால் கவலைப்படாதீர்கள். வாரநாளில் அவனை யாரோடு ஸ்கிரம் போட வைக்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். கிளப்பின் மூத்த லூஸ்ஹெட்டோடு என்றால் அவன் வளர்ந்துகொண்டிருக்கிறான்.

---

இரண்டாம்_பாதி:

பொதுவாகப் படித்துவிட்டுப் போகிறவன், இந்த இழைக்காக எழுதுகிறேன். என் தம்பி ஒரு தொழில்முறைக் கிளப்பின் அகாடமியில் 17 வயதிலிருந்து இருந்தான், பெயர் வேண்டாம். ஸ்கிரம்மின் ஓரத்தில் நின்று ஆடும் ஃப்ளாங்கர். 20 வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பயிற்சிக்கு முன்னால் கூப்பிட்டு, கான்ட்ராக்ட் நீட்டிக்கவில்லை என்று சொன்னார்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை. அன்று மதியமே அவனுடைய அணிக் குழு அரட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கால் எலும்பு அழுத்தத்தால் விரிசல் விட்டிருந்ததை அந்த வருடம் முழுக்கச் சொல்லாமல் ஆடியிருக்கிறான், சொன்னால் இடம் போய்விடும் என்ற பயம். படிப்பையும் இரண்டாம் வருடத்தில் விட்டிருந்தான், காலைப் பயிற்சி நேரமும் வகுப்பும் மோதியதால்.

தேடுவதா வளர்ப்பதா என்று பேசும்போது, சீனியர் அணிக்கு வராமல் போகும் பெரும்பாலானவர்களைக் கிளப் எப்படி நடத்துகிறது என்பதையும் வளர்ப்பில் சேர்த்துப் பேசுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். காயத்தைச் சொன்னால் இடம் போகாது என்ற நம்பிக்கை இல்லாத அகாடமியில் எந்தப் பையனும் உண்மை பேச மாட்டான். உண்மை தெரியாத பயிற்சியாளரால் எவனையும் வளர்க்கவும் முடியாது.

யாருடைய வீட்டிலாவது பிள்ளைக்கு அகாடமி அழைப்பு வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கடைசி இரண்டு பருவத்தில் 20 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் மொத்தம் எத்தனை நிமிடம் நிஜ ஆட்டம் ஆடினார்கள், லோனையும் சேர்த்து. படிப்புக்கு வாரத்தில் எந்த நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அது எழுத்தில் இருக்கிறதா. அப்புறம், வெளியே அனுப்பிய பையன்களில் இரண்டு பேரோடு பேச ஏற்பாடு செய்வார்களா. மூன்றாவதுக்குத் தயங்கினால் இன்னொரு கிளப்பையும் பாருங்கள்.

---

லைன்அவுட்_பிரியை:

அந்த மூன்றாவது கேள்வியை இதுவரை எந்தப் பெற்றோரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கிளப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்களுக்கு இன்றே அனுப்புகிறேன். தம்பியின் கால் இப்போது எப்படி இருக்கிறது? ஃப்ளாங்கருக்கு 20 ஒன்றும் வயதே இல்லை, எலும்பு சேர்ந்துவிட்டதென்றால் இரண்டாம் டிவிஷன் கிளப்புகள் பருவத்துக்கு முந்தைய பயிற்சிக்கு வெளியாட்களைக் கூப்பிடுவார்கள், ஆட்ட வீடியோவோடு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.