ஏர்கோன் டக்டில் புகை: உங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

இரவுஷிஃப்ட்:
ஏர்கோன் காற்று போகும் குழாய்தான் டக்ட்; அதில் புகை வந்தால் கண்டுபிடித்து ஃபேனை நிறுத்த வைப்பது டக்ட் டிடெக்டர். ஃபயர் அலாரம் பேனலில் அதன் விளக்கு எரிந்தால் பாதிப் பேர் "ஃபால்ஸ் அலாரம்தான்" என்று ரீசெட்டை அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஜாலான் அம்பாங் பக்கம் நான் இருந்த ஆபீஸ் கட்டடத்தில் ஒரு மாடி முழுக்கக் கால் சென்டர், ஏர்கோன் விடிய விடிய ஓடும். ஒரு விடியற்காலை அந்த மாடிக்குக் காற்று தள்ளும் ஏர்கோன் யூனிட் (ஏ.எச்.யூ.) டிரிப் ஆகித் தானாக நின்றது. மேலே போய் ரூம் கதவைத் திறந்தால் ரப்பர் கருகிய நாற்றம் மூக்கில் அறைந்தது. ஃபேன் பெல்ட் புல்லியில் வழுக்கி வழுக்கி நார் நாராகத் தொங்குகிறது, நுனியில் இன்னும் புகை. வெளியே பிள்ளைகள் ஹெட்செட்டோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் திரும்பி, "அண்ணே, ஏர்கோன் எப்போ போடுவீங்க? வேர்க்குது" என்றாள். ஃபேன் நின்றதால்தானே அந்தப் புகை இவர்கள் தலையில் கொட்டவில்லை! அடுத்து மேனேஜ்மெண்ட் என்ன செய்தது தெரியுமா? டெனன்ட் புகார் என்று அந்த டிடெக்டரையே ஐசோலேட் பண்ண, அதாவது வேலை செய்யாதபடி துண்டிக்கச் சொன்னது. இன்னும் மனசு ஆறவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:
எங்கள் கதையில் தீயே இல்லை, கணபதி ஹோமம்தான். புது ஆபீஸ் திறப்பு. சீலிங்கில் இருந்த டிடெக்டர்களுக்கெல்லாம் கேட்டுக்கொண்டு பிளாஸ்டிக் மூடி போட்டாயிற்று. அறைக் காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் டக்டுக்குள் ஒன்று இருப்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஐயர் பூர்ணாஹுதிக்கு நெய்யை ஊற்றின நேரம், ஏர்கோன் சத்தம் பட்டென்று அடங்கியது. மந்திரத்தை விடாமல் ஒரு கண்ணை மட்டும் மேலே உயர்த்திப் பார்த்தார் பாருங்கள், அந்த முகத்தை மறக்கவே முடியாது. அப்புறம் மணி அடித்து மொத்தக் கட்டடமும் படியில் இறங்கியது. ஃபேன் நின்றதால் புகை போக வழியில்லாமல் எங்கள் கண்ணெல்லாம் எரிச்சல். கீழே நின்ற ஒரு சீன ஆன்ட்டி என் நெற்றி விபூதியைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரித்துவிட்டார்.

பாயான்_லெப்பாஸ்:
@இரவுஷிஃப்ட், உங்கள் மேனேஜ்மெண்டைவிட மோசமானதும் உண்டு தம்பி: ஐசோலேட் பண்ணாமலே செத்துக்கிடக்கும் டிடெக்டர். ஒரு ஃபேக்டரியில் டக்டுக்கு வெளியே இருக்கும் டிடெக்டர் பெட்டியைத் திறந்தேன், உள்ளே துடைத்து வைத்தது போலச் சுத்தம், காற்று வந்துபோன தூசே இல்லை. சந்தேகம் வந்து, டக்டிலிருந்து பெட்டிக்குக் காற்றைக் கொண்டுவரும் சாம்பிளிங் டியூபைப் பார்த்தால் ஓட்டைகள் காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. மாட்டின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும்.

சரி, இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். டின்னில் வரும் டெஸ்ட் புகையை டிடெக்டர் தலையில் (புகையை உணரும் பாகம்) அடித்து விளக்கு எரிந்தால் டெஸ்ட் பாஸ் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால் தெரிவது தலை உயிரோடு இருக்கிறது என்பது மட்டும். டக்டில் ஓடும் காற்று பெட்டிக்குள் வருகிறதா என்பதற்கு உள்ளே வரும் டியூபுக்கும் வெளியே போகும் டியூபுக்கும் நடுவில் பிரஷர் வித்தியாசத்தை மானோமீட்டரில் பார்க்க வேண்டும், தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்குள் இருக்க வேண்டும். டியூப் டக்டின் அகலம் முழுக்கப் போகிறதா, கடைசி முனையில் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி விழுந்திருந்தால் டியூப் அந்த ஒரு முனையிலிருந்துதான் காற்றை இழுக்கும். வளைவுக்கு ஒட்டி மாட்டாதீர்கள், காற்று அங்கே சுழன்றடிக்கும். டிரிப் ஆனால் ஃபேன் நிஜமாகவே நிற்கிறதா, டக்டை அடைக்கும் டாம்பர் மூடுகிறதா என்று நேரில் நின்று பாருங்கள், பேனல் விளக்கை நம்பாதீர்கள். அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 90ஏ, நிமிடத்துக்கு 2,000 கன அடிக்கு மேல் காற்று தள்ளும் சப்ளை சிஸ்டத்துக்கு டக்ட் டிடெக்டரைக் கேட்கிறது. நம் மலேசியாவில் 1988 தீயணைப்புச் சட்டப்படி ஃபயர் சர்டிஃபிகேட் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கட்டடங்களில் பொம்பா (தீயணைப்புத் துறை) வரும்போது மட்டும் தூசு தட்டுவது...

ஜார்ஜ்டவுன்_ஹவுஸ்கீப்பிங்:
அண்ணே, கதை சொல்லச் சொன்னால் கிளாஸ் எடுக்கிறீர்களே. 😄
எங்கள் ஹோட்டலில் பேஸ்மெண்ட் லாண்டரி டிரையரில் பஞ்சு தீப்பிடித்தது. கீழே இருந்தவர்கள் சட்டென்று அணைத்துவிட்டார்கள். நான் அப்போது மேல் மாடி காரிடாரில் தள்ளுவண்டியோடு நிற்கிறேன், கிரில்லிலிருந்து சாம்பல் நிறத்தில் மெல்லியதாக இறங்குகிறது. தீ எங்கேயோ, புகை என் தலைக்கு மேல். எந்த ரூமில் தீ என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு விருந்தாளி துண்டோடு வந்து, ரூம் சர்வீஸா என்றார்.

செராஸ்_வாசகன்:
லாஸ் வேகாஸில் 1980 நவம்பர் 21 அன்று எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் நடந்ததும் இதுதான். தீ கீழ்த்தளத்து உணவகத்தில் பற்றியது, இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் புகையால் போனவர்கள். டக்டில் டிடெக்டர் இருந்திருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள்.

பாயான்_லெப்பாஸ்:
@செராஸ்_வாசகன், அவ்வளவு சுலபம் இல்லை. லிஃப்ட் ஷாஃப்ட், படிக்கட்டு, கட்டட இடைவெளிகள் வழியாகவும் அங்கே புகை ஏறியது. டக்ட் டிடெக்டர் ஃபேனையும் டாம்பரையும் பார்த்துக்கொள்ளும், தூங்குகிறவனை எழுப்புவது அதன் வேலை இல்லை. ஃபேன் நின்றிருந்தால் அதற்குக் காற்றே வராது. ரூம் டிடெக்டருக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரவுஷிஃப்ட்:
அண்ணே சொல்வது சரி. ஆனால் 2015 புகைமூட்டத்தின்போது எங்களுக்கு வேறு பாடு. பள்ளிக்கூடங்களையே மூடின சமயம், வெளிக்காற்றை இழுக்கும் ஃபிரெஷ் ஏர் ஏ.எச்.யூ. திரும்பத் திரும்ப டிரிப் ஆனது. திறந்து பார்த்தால் டிடெக்டர் தலையில் ஏற்கெனவே தூசு அப்பியிருந்தது, புகைமூட்டம் மிச்சத்தைச் செய்துவிட்டது. சுத்தம் பண்ணின பிறகு அடங்கிவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:
அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த மாடியில் தங்கச்சி கிளினிக் திறக்கப் போகிறாள், மறுபடி ஹோமம். என்ன செய்யணும்?

பாயான்_லெப்பாஸ்:
குண்டத்தைக் கார் பார்க்கில் திறந்த வெளியில் வையுங்கள் அக்கா, அனுமதி கேட்டுத்தான். உள்ளேதான் வேண்டும் என்றால் மேனேஜ்மெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த ஜோன் ஐசோலேட், எத்தனை மணி வரை, தீயணைப்பானோடு பக்கத்தில் யார் நிற்பது, முடிந்ததும் திரும்ப ஆன் செய்வது யார், எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:
கார் பார்க்தான். ஐயரிடம் சொல்லிவிடுகிறேன்.