லேப்டாப்போடு மல்லுக்கட்டுவதா, ஸ்ட்ரீமர் வாங்குவதா?

கோவை வீட்டு ஹாலில் லேப்டாப், யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி), ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், இவ்வளவுதான் செட். விண்டோஸ் 11, பாட்டு ஓட்ட ஃபூபார்2000 ப்ளேயர், பாட்டெல்லாம் தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) ஃபைல்கள். தீபாவளிக்குப் பிறகு ஸ்பீக்கரில் கிர்ரென்று ஓர் இரைச்சல், மவுஸை நகர்த்தினால் அதுவும் கூடவே கீச்சிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சுத்தமாக நின்றுவிடும், ஆனால் பழைய பேட்டரி, ஒரு கச்சேரிக்குத் தாங்காது.

கேபிள் மாற்றினேன், வேறு போர்ட், தனி பவர் உள்ள யூஎஸ்பி ஹப், அப்புறம் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியும் பார்த்தாயிற்று. ம்ஹூம். கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகி அதில் ஓடும் மின்சாரம் இரைச்சலாகக் கேட்பது, என்றுதான் படுகிறது. டாக்கில் ஆப்டிகல் இன் (ஒளி வழியாகச் சிக்னல் வாங்கும் போர்ட்) இருக்கிறது, லேப்டாப்பில்தான் அவுட் இல்லை. ஆப்டிகலில் மின்தொடர்பே கிடையாது என்பதால் வீம் ப்ரோ (WiiM Pro) மாதிரி ஒரு ஸ்ட்ரீமர், அதாவது நெட்வொர்க்கில் பாட்டை எடுத்து ஆப்டிகலில் அனுப்பும் தனிப் பெட்டி, மேல் கண்.

யூஎஸ்பி ஐசொலேட்டர் (யூஎஸ்பி வழி மின்தொடர்பைத் துண்டித்து டேட்டாவை மட்டும் விடும் கருவி) போட்டு லேப்டாப்பிலேயே ஓட்டலாமா, ஸ்ட்ரீமருக்கே போய்விடலாமா?