நிலவுக்குச் சென்றவர்களின் ஊதியமும் பயணச் செலவும்

பொள்ளாச்சி ஆசிரியர்:
சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை அவர்கள் பிறந்த கோதவாடி எங்கள் பக்கத்து ஊர் என்பதால், மாணவர்கள் நிலவைப் பற்றி ஓயாமல் கேட்கிறார்கள். 1969இல் நிலவுக்குச் சென்றவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு? பயணங்களுக்கு என்ன செலவானது?

ஈரோடு வாசகர்:
ஐயா, ஆம்ஸ்ட்ராங் அரசின் குடிமைப் பணியாளராக ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் பெற்றார்; விமானப் படை அதிகாரிகளான ஆல்ட்ரினும் காலின்சும் அதைவிடக் குறைவாகவே பெற்றனர். என்னைக் கலங்க வைப்பது வேறொன்று: ஆயுள் காப்பீடு கட்டுப்படியாகாத நிலையில், தாங்கள் திரும்பாவிட்டால் குடும்பத்தார் விற்றுக்கொள்ளட்டும் என்று அஞ்சல் உறைகளில் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

நாமக்கல் வாசகர்:
அவர்களை நிலவுக்கு அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டம் முழுவதற்கும் சுமார் 2,500 கோடி டாலர் செலவானது. சந்திரயான்-1க்கு 386 கோடி ரூபாய். சந்திரயான்-3க்கு ஏறத்தாழ 615 கோடி. நம்முடையவை ஆளில்லாப் பயணங்கள் என்பதால் நேராக ஒப்பிடுவது முறையன்று. ஆயினும், நிலவு மண்ணை ஒத்த மண்ணை அயல்நாட்டில் வாங்கினால் பெருஞ்செலவாகும் என்பதால், எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்தே, தரையிறங்கும் கலத்தைச் சோதிக்கும் களத்தை இஸ்ரோ அமைத்தது.

பொள்ளாச்சி ஆசிரியர்:
மிக்க நன்றி. அந்தப் பாறையை மாணவர்களுக்குக் காட்ட இயலுமா?

நாமக்கல் வாசகர்:
அவசியம் அழைத்து வாருங்கள் ஐயா, நானே உடன் வந்து காட்டுகிறேன்.